கனவு நினைவில் நிற்கவில்லையா? கனவுக்குள் விழிப்பு வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கனவை நினைவில் வைத்துக்கொள்வது பயிற்சியால் வளரும் திறன். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று அறிவதும் அப்படித்தான். இந்த இரண்டாவதைத்தான் லூசிட் கனவு என்கிறார்கள். ஐம்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த அனுபவத்தை அடைந்திருக்கிறார்கள். 23 சதவீதம் பேருக்கு மாதம் ஒருமுறையாவது வருகிறது. யோகிகளுக்கும் தவசிகளுக்கும் மட்டுமே வாய்க்கும் அரிய நிலை என்று நினைத்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனாலும் பயிற்சியைத் தொடங்குபவர்களில் பலர் சில வாரங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். கோளாறு ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறோரிடத்தில் போடுவதுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. நடப்பதை வரிசைப்படுத்திப் பாருங்கள். போதிய அளவு தூங்குகிறோம். கனவு வருகிறது. அதிலிருந்து விழிக்கிறோம். விழித்த கணத்தில் கனவு நினைவில் ஏறுகிறது. அடுத்த கனவில் விழிப்போடு இருப்பேன் என்று ஒரு தீர்மானம் வைக்கிறோம். அந்தத் தீர்மானம் கனவுக்குள் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையில் எந்தக் கண்ணி முதலில் அறுந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் ஒட்ட வேண்டும். ஐந்து மணி நேரமே தூங்குகிற ஒருவர், இது நிஜமா கனவா என்று சோதிப்பதற்காகப் பகலெல்லாம் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இரவில் பயன் கிடைக்காது.

ஆகவே கீழே உள்ள அறிகுறிகளை மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். உங்களுக்குப் பொருந்துகிற முதல் அறிகுறியிலேயே நின்றுவிடுங்கள். அதைச் சரிசெய்ய இரண்டு வாரமாவது கொடுத்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

அறிகுறி: “எனக்குக் கனவே வருவதில்லை”

பெரும்பாலும் கனவு வருகிறது, நினைவுதான் இல்லை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், தூங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இதுவே ரெம் தூக்கம். சில ஆண்டுகளில் அங்கேயே நடந்த ஆய்வுகளில், அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டபோது பத்துக்கு எட்டு முறை ஆட்கள் கனவை விவரித்தார்கள். மற்றக் கட்டங்களிலும் கனவு உண்டு. ஆனால் நீண்ட, காட்சி நிறைந்த கதைகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்துக்கு உரியவை.

முதலில் பார்க்க வேண்டியது தூக்கத்தின் நீளம். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ரெம் கட்டம் வருகிறது. முதல் சுற்றில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டு, கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரத்தையும் தாண்டும். எட்டு மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிற ஒருவர் ஆறு மணி நேரத்தில் எழுந்தால், தூக்கத்தில் கால் பங்கை மட்டும் இழக்கவில்லை; கனவுக்கென்றே உள்ள நேரத்தில் அதைவிடப் பெரிய பங்கை இழக்கிறார். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். பலிக்குமா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் நினைவில் தங்கும் கனவுகளில் பெரும்பாலானவை விடியற்காலையில் வருபவை என்பதை நம் முன்னோர் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். விடியற்காலையில் அலாரம் வைக்காமல் எழக்கூடிய நாள்கள் எவை என்று பாருங்கள்; கனவுப் பயிற்சிக்கு அந்த நாள்களே ஏற்றவை. அதிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்கும் இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கும் வார விடுமுறைதான் வழி. அதில் குறை ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு நல்ல காலைகள், ஏழு அவசரக் காலைகளைவிட அதிகம் தரும்.

அறிகுறி: “கனவு கண்டது தெரிகிறது, கண் திறந்ததும் கரைந்துவிடுகிறது”

மிகப் பலருடைய சிக்கல் இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

ரெம் தூக்கத்தில் மூளையின் வேதியியல் விழிப்பு நிலையிலிருந்து வேறுபட்டது. கவனத்துக்கும் நினைவுப் பதிவுக்கும் துணை நிற்கிற நோரட்ரினலின் அப்போது மிகக் குறைந்த அளவிலேயே சுரக்கிறது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த ஆய்வில், ரெம் தூக்கத்தின்போது செயல்படும், மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலுள்ள நரம்பணுக்களின் ஒரு கூட்டம் மறதிக்கே வழி செய்வது தெரியவந்தது. ஆக, கனவை மறப்பது உங்கள் நினைவாற்றலின் குறையல்ல. மூளையின் இயல்பான ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை மீறிக் கனவைக் கரையேற்றக் கிடைக்கும் வாய்ப்பு, விழித்த பிறகு வரும் முதல் சில நொடிகள் மட்டுமே.

பிரான்ஸின் லியோன் நகரில் பெரின் ரூபி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. கனவை அடிக்கடி நினைவுகொள்பவர்கள், அரிதாக நினைவுகொள்பவர்களைவிட இரவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் விழித்திருந்தார்கள். அவர்கள் அதிகம் கனவு கண்டார்கள் என்பதைவிட, நடுநடுவே விழித்ததால் கனவு பதிவாக இடம் கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

எனவே விழிக்கும் கணத்தைச் சரிசெய்யுங்கள். விழிப்பு வந்ததும் அசையாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். ‘இன்று என்ன கிழமை, என்ன வேலை’ என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல், ‘இப்போது எங்கே இருந்தேன்? யார் கூட இருந்தார்கள்?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காட்சி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன, அதற்கு முன் என்ன என்று பின்னோக்கி நடங்கள். முன்னிருந்து கதை சொல்ல முயன்றால் அறுந்துவிடும். கடைசிக் காட்சியிலிருந்து பின்னால் போனால்தான் கோவை கிடைக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால், நீங்கள் வழக்கமாகப் படுக்கும் இன்னொரு பக்கத்துக்கு மெதுவாகப் புரண்டு மறுபடி காத்திருங்கள். இடப்பக்கம் படுத்தபோது தோன்றாத கனவு, வலப்பக்கம் திரும்பியதும் முழுதாக எழுந்து வருவதைப் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

காட்சி இல்லாவிட்டால் உணர்ச்சியைத் தேடுங்கள். காரணம் தெரியாத ஏக்கம், அவசரம், வெட்கம், மகிழ்ச்சி என ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும். அதையே பிடித்து உள்ளே போகலாம்.

கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து அதிலேயே அலாரம் வைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அலாரத்தை நிறுத்தக் கையெடுக்கிறீர்கள், திரையில் நான்கு செய்திகள் தெரிகின்றன, கனவு போய்விட்டது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றியவுடனேயே, வேறு எந்தப் பயிற்சியும் இல்லாமல், கனவு நினைவு திரும்புவது உண்டு. தனிக் கடிகாரம் ஒன்றை வாங்கி, மெல்லத் தொடங்கி உயரும் ஒலியை வையுங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

அறிகுறி: “ஒரு துண்டுதான் கிடைக்கிறது, எழுத ஒன்றும் இல்லை”

துண்டையே எழுதுங்கள். ‘பச்சைச் சுவர். யாரோ கூப்பிட்டார்கள்.’ இவ்வளவே ஒரு நாளின் பதிவாக இருக்கலாம். ஒன்றுமே கிடைக்காத நாளில் ‘நினைவில்லை, எழுந்தபோது மனம் கனமாக இருந்தது’ என்று தேதியோடு எழுதுங்கள். தினமும் எழுதும் பழக்கம், கனவு தேவையானது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு வாரங்களில் துண்டுகள் நீளத் தொடங்கும்.

நோட்டும் பென்சிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நடு இரவில் விழித்தால் விளக்குப் போடாமல் நான்கு சொற்களை இருட்டிலேயே கிறுக்கினால் போதும். காலையில் அவை முழுக் கனவையும் இழுத்து வரும். எழுத்து வராதவர்கள் குரல் பதிவுக் கருவியில் மெல்லப் பேசலாம். ‘காலையில் நிச்சயம் ஞாபகம் இருக்கும்’ என்று நடு இரவில் தோன்றும் நம்பிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

நடந்துகொண்டிருப்பது போல நிகழ்காலத்தில் எழுதுங்கள்: ‘பழைய வீட்டு மாடியில் நிற்கிறேன். மழை பெய்கிறது. ஆனால் தரை நனையவில்லை.’ இப்படி எழுதும்போது மனம் அங்கேயே போய் நிற்கிறது; விட்டுப்போன விவரங்களும் வருகின்றன. அர்த்தம் தேடுவதையும் பலன் பார்ப்பதையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் வேளையில் அர்த்தம் தேடினால், மனம் கனவைத் தன் விளக்கத்துக்கு ஏற்ப வெட்டித் திருத்திவிடும்.

அறிகுறி: “முன்பு நன்றாக நினைவிருந்தது, இப்போது திடீரென்று நின்றுவிட்டது”

இங்கே பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன், உடலில் என்ன மாறியது என்று பாருங்கள். மது இரவின் முதல் பாதியில் ரெம் தூக்கத்தை அமுக்கிவிடும். பின்னிரவில் தூக்கத்தைத் துண்டாக்கும். கஞ்சாவும் ரெம் தூக்கத்தைக் குறைக்கிறது. தொடர்ந்து பயன்படுத்தியவர் நிறுத்தினால் சில வாரம் கனவுகள் மிகத் தீவிரமாகத் திரும்பி வரும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் பல ரெம் தூக்கத்தைச் சுருக்குபவை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்துகளில் சில, குறிப்பாகப் புரோப்ரனலால், சிலருக்குக் கெட்ட கனவுகளைக் கிளப்புகின்றன. இவற்றில் எதையும் கனவுக்காக நீங்களாக நிறுத்தக்கூடாது. மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எவ்வளவு தூங்கினாலும் பகலில் தூக்கக் கலக்கம் ஆகியவை சேர்ந்திருந்தால், அது தூக்கத்தில் மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை எடுப்பதுதான் முதல் வேலை. கனவு அதற்குப் பிறகு தானாக வரும்.

வைட்டமின் பி6 மாத்திரை கனவு நினைவை வளர்க்கும் என்று ஒரு பேச்சு உண்டு. 2018இல் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் டென்ஹாம் ஆஸ்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் 240 மில்லிகிராம் எடுத்தவர்கள் கூடுதலான கனவு விவரங்களை நினைவுகொண்டது உண்மைதான். ஆனால் அது ஐந்து நாள் சோதனை. அந்த அளவு அன்றாடத் தேவையைப் போலப் பல மடங்கு. பி6 அதிக அளவில் நீண்ட நாள் உடலில் சேர்ந்தால் கை கால் நரம்புகள் சேதமடையும். ஒரு நோட்டும் நிதானமான விழிப்பும் தருகிற பலனுக்காக நரம்பைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: “கனவுகள் நன்றாக நினைவிருக்கின்றன, ஆனால் கனவுக்குள் ஒருபோதும் விழிப்பு வரவில்லை”

இங்கேதான் லூசிட் கனவுப் பயிற்சி உண்மையில் தொடங்குகிறது. ஓர் இரவுக்கு ஒரு கனவாவது வழக்கமாக நினைவில் நின்றால் நீங்கள் தயார். அதற்கு முன் முயன்றால், லூசிட் கனவு வந்தாலும் காலையில் அது வந்ததே தெரியாமல் போகலாம்.

முதலில் உங்கள் நோட்டைத் திறந்து பழைய பதிவுகளைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருபவற்றைக் கோடிடுங்கள். ஹால் டிக்கெட் இல்லாமல் தேர்வு அறையில் நிற்பது, புறப்படும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியும் கால் நகராதது, விற்றுவிட்ட பழைய வீடு, காலமான தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசுவது. ஒவ்வொருவருக்கும் இப்படிச் சில உண்டு. இவை உங்கள் கனவுக் குறிகள். பொதுப் பட்டியல் எதையும் கடன் வாங்காதீர்கள். உங்களுடைய மூன்று குறிகள் மற்றவர்களுடைய நூறு குறிகளைவிடப் பயன் தரும்.

அடுத்தது, தீர்மானத்தை நினைவில் நிறுத்தும் முறை. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஸ்டீபன் லபெர்ஜ் இதை 1980 வாக்கில் உருவாக்கினார். ஆங்கிலச் சுருக்கத்தில் மைல்ட் என்று அழைக்கப்படுகிறது. இதன் அடிப்படை, ‘கடைப் பக்கம் போகும்போது பால் வாங்க வேண்டும்’ என்று வைத்துக்கொள்ளும் அதே வகை நினைவாற்றல்தான்: இனி வரப்போகிற ஒரு சூழலில் ஒன்றைச் செய்ய நினைவுகொள்வது. ஐந்து மணி நேரம் தூங்கிய பிறகு எழுந்து, கண்டிருந்த கனவை நினைவுகூருங்கள். பிறகு படுத்துக்கொண்டு, ‘அடுத்த முறை கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பது எனக்கு நினைவுக்கு வரும்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். சொல்லும்போதே, சற்று முன் கண்ட கனவுக்குள் மறுபடி நுழைந்து, அதில் வந்த கனவுக் குறியைப் பார்த்து ‘இது கனவு’ என்று அறிவதாக மனத்தில் நடத்திப் பாருங்கள். தூக்கம் வரும்வரை இந்த இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

பலருக்கு இது பலிக்காமல் போவதற்குக் காரணம், வாக்கியத்தை மந்திரம் போல உருவேற்றுவது. வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனம் மறுநாள் வேலையில் இருக்கும். பொருளை உணர்ந்து ஐந்து முறை சொல்வது போதும். கடைசியாக மனத்தில் நிற்கும் எண்ணம் இதுவாக இருக்க வேண்டும்; வேறு நினைப்பு வந்துவிட்டால் பொறுமையாக மறுபடி தொடங்குங்கள்.

மேலே சொன்ன ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டும். பகலில் நிஜமா கனவா என்று சோதிப்பதை மட்டும் செய்தவர்களுக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. அதோடு ஐந்து மணி நேரத்துக்குப் பின் எழுவதையும் மைல்ட் முறையையும் சேர்த்தவர்களுக்கு, ஒரு வாரப் பயிற்சியில் 17 சதவீத இரவுகளில் லூசிட் கனவு வந்தது. மைல்ட் முடித்து ஐந்து நிமிடங்களுக்குள் தூங்கிவிட்டவர்களுக்கோ ஏறக்குறைய 46 சதவீத முயற்சிகள் பலித்தன. விரலை எண்ணுவதையே முழுப் பயிற்சியாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்களை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: “கனவிலேயே சோதித்துப் பார்த்தேன், எல்லாம் நிஜம் என்று முடிவு செய்துவிட்டேன்”

சோதனை சடங்காகிவிட்டது. பகலில் விடை தெரிந்துகொண்டே கையைப் பார்த்தால், கனவிலும் அதே அலட்சியத்தோடுதான் பார்ப்பீர்கள். ஒரு நாளில் சில முறை போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் உண்மையாகச் சந்தேகப்பட வேண்டும். இங்கே எப்படி வந்தேன்? ஐந்து நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தேன்? இந்தக் காட்சியில் பொருந்தாதது ஏதாவது உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பிறகே கை சோதனைக்குப் போக வேண்டும்.

சோதனைகளில் எனக்கு அதிக நம்பிக்கை மூக்கை விரலால் அடைத்து, வாயை மூடி, மூச்சிழுப்பதில். கனவில் மூச்சு தாராளமாக உள்ளே போகும். படுக்கையில் இருக்கும் உங்கள் மூக்கை யாரும் அடைக்கவில்லை அல்லவா? எழுதியிருப்பதை ஒருமுறை படித்து, கண்ணை விலக்கி, மறுபடி படிப்பதும் நல்லது. கனவில் எழுத்து பெரும்பாலும் மாறியிருக்கும். விரல்களை எண்ணிப் பார்ப்பது, சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகளில் சில கனவுகள் சரியாகவே நடந்துகொண்டு ஏமாற்றிவிடும். ஒரு சோதனை ‘நிஜம்’ என்று சொன்னாலும் சந்தேகம் மிஞ்சினால், இன்னொன்றையும் செய்யுங்கள். விழித்திருக்கும்போது அப்படிச் சந்தேகம் மிஞ்சுவது அரிது.

அறிகுறி: “நடுவில் எழுந்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை”

எழுந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். சிலருக்கு அரை மணி நேரம் விழித்திருப்பது ஒத்துவரும். உங்களுக்கு ஐந்து நிமிடமே போதுமானதாக இருக்கலாம். பெரிய விளக்கு வேண்டாம், கைப்பேசி வேண்டாம், மணி பார்க்க வேண்டாம். கழிப்பறைக்குப் போய் வந்து, நோட்டில் கனவை எழுதிவிட்டுப் படுங்கள். தீர்மானத்தை இறுக்கிப் பிடிப்பதும் தூக்கத்தை விரட்டும்; சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, மூச்சு வெளியே போகும்போது மட்டும் சொல்லிப் பாருங்கள்.

தூக்கமின்மை ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த இடை விழிப்பைச் செய்யவே வேண்டாம். இயல்பாக விழிப்பு வருகிற வேளைகளில் மட்டும் தீர்மானத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள். இரவில் கெடும் தூக்கத்தை எந்தக் கனவும் ஈடுசெய்யாது.

அறிகுறி: “கனவு என்று தெரிந்த மறுகணமே விழித்துவிடுகிறேன்”

இது நல்ல அறிகுறி. பயிற்சி பலிக்கத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் மகிழ்ச்சியின் படபடப்புதான் எழுப்பிவிடுகிறது. தெரிந்ததும் பறக்க முயலாதீர்கள், யாரையும் தேடி ஓடாதீர்கள். கனவுக்குள் இரு கைகளையும் உரசுங்கள். உள்ளங்கையின் சூட்டைக் கவனியுங்கள். சுவரைத் தொடுங்கள், தரையின் சொரசொரப்பைப் பாதத்தில் உணருங்கள். காட்சி மங்கினால், நின்ற இடத்திலேயே சுழலுங்கள். கை உரசுவதும் சுழல்வதும் கனவை நீட்டிக்க உதவுவதாக லபெர்ஜின் சோதனைகள் காட்டின. கவனம் கனவு உடலின் தொடுவுணர்வில் இருக்கும்வரை, படுக்கையில் கிடக்கும் உடலின் பக்கம் அது திரும்புவதில்லை.

விழித்தே விட்டால் அசையாதீர்கள். கண்ணை மூடியபடி அதே காட்சியை நினைத்துக் கிடந்தால், பல வேளைகளில் கனவு மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உள்ளே போனபின் எதுவும் சொன்னபடி நடக்கவில்லை என்று சிலர் வருந்துகிறார்கள். விழிப்பும் கட்டுப்பாடும் ஒன்றல்ல. கதவுக்குப் பின்னால் ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்த்துக் கதவைத் திறந்தால், கட்டளையிடுவதைவிட எளிதாகப் பலிக்கும். கனவு எதிர்பார்ப்பைப் பின்தொடர்கிறது. முதல் சில முறைகளில் சும்மா நின்று சுற்றிப் பார்ப்பதே பெரிய அனுபவம்.

இதெல்லாம் மனப்பிரமையோ என்ற ஐயம் வந்தால், ஆய்வுக்கூடங்கள் அதை எப்பொழுதோ தீர்த்துவிட்டன. ரெம் தூக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்திருந்தாலும் கண் தசைகள் இயங்கும். இதைப் பயன்படுத்தி, 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள்ளிருந்து இடவலமாகக் கண்ணசைத்து அனுப்பிய சைகையைப் பதிவு செய்தார். லபெர்ஜ் இதைத் தனியாகவே நிறுவி 1981இல் வெளியிட்டார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் குழுக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவர்களிடம் கேள்வியே கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்ற கேள்வி கனவுக்குள் ஒருவருக்குக் கேட்டது. இரண்டு என்று கண்ணசைவால் விடை வந்தது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, இன்றும் அப்படியே இருக்கிறது.

அறிகுறி: “எழுந்துவிட்டேன் என்று நினைத்தேன், அதுவும் கனவாக இருந்தது”

எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து, கனவை நோட்டில் எழுதி, பிறகு உண்மையிலேயே விழிப்பது. பயிற்சி செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அஞ்ச வேண்டியதில்லை, இதை வாய்ப்பாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை எழுந்ததும் முதல் வேலையாக மூக்குச் சோதனையைச் செய்யும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சில பேருக்கு லூசிட் கனவின் வாசலே இந்தப் பொய் விழிப்புதான்.

அறிகுறி: “விழிப்பு இருக்கிறது, உடல் அசையவில்லை, யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்”

நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். கனவில் ஓடுவதை உடல் நிஜமாகச் செய்துவிடாமலிருக்க, ரெம் தூக்கத்தில் தசைகள் தளர்த்தப்படுகின்றன. மனம் விழித்த பிறகும் அந்தத் தளர்ச்சி சில நொடிகளோ நிமிடங்களோ நீடிப்பதுதான் இந்தத் தூக்க முடக்கம். கனவின் காட்சிகள் அறைக்குள் கலந்துவிடுவதால் ஆள் நிற்பது போலவும் கழுத்தை நெரிப்பது போலவும் தோன்றும். மூச்சு நிற்கவில்லை, மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் வழக்கம் போல இயங்கிக்கொண்டிருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்வதே பாதி பயத்தைப் போக்கும்.

எதிர்த்துத் திமிறாதீர்கள். மூச்சை நீட்டி விடுங்கள். ஒரு கால்விரலையோ நாக்கையோ மட்டும் அசைக்க முயலுங்கள். தூக்கக் குறைவும், மாறி மாறி வரும் தூக்க நேரமும், மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். அடிக்கடி வந்தால் இடை விழிப்புப் பயிற்சியைச் சில வாரம் நிறுத்திவிட்டு, ஒருக்களித்துப் படுங்கள். இதோடு பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் தளர்வதும் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: “நினைவு கூடியது, கெட்ட கனவுகளும் கூடிவிட்டன”

நினைவு வளரும்போது நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வரும். சில வாரங்களில் பலருக்கு இது சமன்படும். ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்து வாட்டினால், அதற்கெனச் சோதிக்கப்பட்ட முறை ஒன்று உண்டு. பகலில், பாதுகாப்பாக உணரும் வேளையில், அந்தக் கனவை எழுதுங்கள். பிறகு அதன் போக்கை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி எழுதுங்கள். மாற்றிய கதையை மட்டும் நாளுக்குப் பத்து இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டுங்கள். மிகக் கொடிய கனவில் தொடங்காமல், அதைவிடச் சாதுவான ஒன்றில் பழகுங்கள். பேரி கிராகோவ் குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இம்முறையைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். கெட்ட கனவுகள் கணிசமாகக் குறைந்தன. பெரிய இழப்போ வன்முறையோ பின்னணியில் இருந்தால், தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரின் துணையோடு செய்யுங்கள்.

அறிகுறி: “பகலில் களைப்பு, நிஜமா கனவா என்ற குழப்பம்”

நிறுத்துங்கள். களைப்பு மட்டும் என்றால், இடை விழிப்பை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைத்து, மறுநாள் வண்டி ஓட்டவோ இயந்திரத்தில் வேலை செய்யவோ வேண்டியிருக்கும் இரவுகளில் அதைத் தவிர்த்தால் சரியாகிவிடும். பகலிலும் உலகம் கனவு போலத் தோன்றினால், நினைவுகளில் எது நடந்தது, எது கனவில் கண்டது என்று பிரிக்க முடியாமல் போனால், சோதனைகள் உட்பட எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. காலன்டமைன் என்ற மருந்து லூசிட் கனவை அதிகரிப்பதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது அல்சைமர் நோய்க்கான மருந்து. இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கும் பொருளல்ல.

இன்னொன்றை உங்களோடு ஒரே அறையில் தூங்குகிறவரிடம் கேளுங்கள். கனவில் நடப்பதற்கேற்ப நீங்கள் கையை ஓங்குகிறீர்களா, உதைக்கிறீர்களா, கட்டிலிலிருந்து விழுகிறீர்களா என்று. அப்படி நடந்தால் ரெம் தூக்கத்தின் தசைத் தளர்ச்சி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இது பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டு முன்னதாகவே தோன்றும் அறிகுறியாகவும் இருக்கலாம். கட்டிலைச் சுற்றியுள்ள கூரான பொருள்களை அன்றே அகற்றிவிட்டு, நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கனவு நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்த இரவில் என்ன நடந்தது என்ற பதிவு அவருக்கு உதவும்.